டி.என்.ஏ. படத்தில் ஓட்டை எங்கே விழுகிறது?

முறுக்கிய ஏணி போன்ற இரட்டைச் சுருள், அதன் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும் முக்கோணங்கள், கீழே 'டி.என்.ஏ.வில் மறைந்திருக்கும் ஃபிராக்டல் ரகசியம்' என்று ஒரு வரி. இப்படி ஒரு படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். பல நேரங்களில் துணைக்குத் தங்க விகிதமும் வந்து ஒட்டிக்கொள்ளும். அனுப்பியவரிடம், 'அந்த ஃபிராக்டல் எங்கே இருக்கிறது? மூலக்கூறு மடிந்திருக்கும் விதத்திலா, எழுத்துகளின் வரிசையிலா, நாம் வரைந்த படத்திலா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

அவை மூன்றும் மூன்று தனிக் கேள்விகள். குழப்பம் முழுவதும் அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டுவதால் வருகிறது. இங்கே நான் அதிகம் பேசப்போவது படத்தைப் பற்றி. எழுத்து வரிசையை ஒரு விதிப்படி படமாக்கினால் ஃபிராக்டல் ஏன் எழுகிறது, அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம் என்பதே விஷயம். மற்ற இரண்டும் கடைசியில் வரும்.

அளவுகோல் சிறுத்தால் நீளும் கோடு

ஒரு நாட்டின் கடற்கரை எவ்வளவு நீளம்? 100 கிலோமீட்டர் நீளக் கோலால் அளந்தால் சிறு வளைகுடாக்களையெல்லாம் தாண்டிப் போய்விடுவோம். 1 கிலோமீட்டர் கோலால் அளந்தால் அவையும் கணக்கில் வரும், நீளம் கூடும். 1 மீட்டர் கோல் என்றால் ஒவ்வொரு பாறையின் வளைவும் சேரும். நீளம் இன்னும் கூடும். வானிலை ஆய்வாளர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் கவனித்து வைத்திருந்த இந்த விந்தையை கணிதவியலாளர் பெனுவா மாண்டல்பிராட் 1967-ல் பிரிட்டனின் கடற்கரையை முன்வைத்து விவாதித்தார். இத்தகைய வடிவங்களுக்கு ஃபிராக்டல் என்ற பெயரை அவர் சூட்டியது 1975-ல்.

ஃபிராக்டல் என்றால், எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் புதிது புதிதாக நுணுக்கம் தென்பட்டுக்கொண்டே இருக்கும் வடிவம். பல ஃபிராக்டல்களில் சிறு பகுதி முழு வடிவத்தின் குட்டி நகலாகவே இருக்கும். இந்தக் குணத்துக்குத் தன்னொப்புமை என்று பெயர்.

இதை எண்ணால் சொல்ல ஒரு வழி உண்டு. ஒரு கோட்டைப் பாதி அளவுள்ள துண்டுகளாக வெட்டினால் 2 துண்டு கிடைக்கும். சதுரத்தைப் பாதிப் பக்கமுள்ள சதுரங்களாக வெட்டினால் 4. கோட்டின் பரிமாணம் 1, சதுரத்தின் பரிமாணம் 2 என்பது இந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது: 2-ஐ ஒரு முறை எடுத்தால் 2, இரண்டு முறை பெருக்கினால் 4. இப்போது சியர்பின்ஸ்கி முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். பெரிய முக்கோணத்தின் நடுவிலிருந்து ஒரு முக்கோணத்தை நீக்கி, மிஞ்சும் மூன்றிலும் அதையே முடிவில்லாமல் செய்தால் கிடைப்பது அது. அதைப் பாதி அளவு நகல்களாகப் பிரித்தால் 3 நகல் வரும். 3 என்பது 2-க்கும் 4-க்கும் இடையில் நிற்பதால், அதன் பரிமாணமும் 1-க்கும் 2-க்கும் இடையில் நிற்கிறது: சுமார் 1.585. கோட்டைவிட அடர்த்தி, தளத்தைவிடப் பொத்தல். ஃபிராக்டல் பரிமாணம் என்று சொல்வது இவ்வளவுதான். அதற்குள் மந்திரம் எதுவும் இல்லை.

நான்கு எழுத்து, நான்கு மூலை

டி.என்.ஏ. நான்கு எழுத்துகளில் எழுதப்பட்ட நீண்ட சரம். அடினின், சைட்டோசின், குவானின், தைமின் என்ற நான்கு வேதிப்பொருள்களை ஏ, சி, ஜி, டி என்று குறிக்கிறார்கள். மனிதனின் முழு மரபணுத் தொகுதியில் சுமார் 310 கோடி எழுத்துகள் உள்ளன. இதை வரிசையாக அச்சிட்டு உட்கார்ந்து படித்தால் யாருக்கும் எதுவும் புரியாது.

1990-ல் ஜோயல் ஜெஃப்ரி என்பவர் இந்தச் சரத்தைப் படமாக்க ஒரு வழி சொன்னார். கணிதத்தில் ஏற்கெனவே 'கேயாஸ் ஆட்டம்' என்று அறியப்பட்டிருந்த விளையாட்டை அவர் டி.என்.ஏ.வுக்கு இழுத்து வந்தார். விதி மிகச் சிறியது. தாளும் பென்சிலும் போதும்.

ஒரு சதுரம் வரையுங்கள். கீழ் இடது மூலைக்கு ஏ, மேல் இடது மூலைக்கு சி, மேல் வலது மூலைக்கு ஜி, கீழ் வலது மூலைக்கு டி என்று பெயரிடுங்கள். சதுரத்தின் நட்டநடுவில் தொடங்குங்கள். சரத்தின் முதல் எழுத்தைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்துக்கும் அந்த எழுத்தின் மூலைக்கும் சரிபாதித் தூரம் நகர்ந்து ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து அடுத்த எழுத்தின் மூலையை நோக்கிப் பாதித் தூரம், மீண்டும் புள்ளி. சரம் தீரும்வரை இதையே செய்யுங்கள்.

'ஜி-ஏ-டி' என்ற மூன்று எழுத்தை எடுத்துக்கொள்வோம். சதுரத்தின் பக்கம் 1, நடுப்புள்ளி (0.5, 0.5). ஜி மூலை (1, 1) என்பதால் பாதி தூரம் போனால் (0.75, 0.75). அடுத்து ஏ, அதாவது (0, 0): பாதி தூரத்தில் (0.375, 0.375). கடைசியாக டி, அதாவது (1, 0): வந்து நிற்கும் இடம் (0.6875, 0.1875). மூன்று எழுத்துக்கு மூன்று புள்ளி. கணினியிடம் கொடுத்தால் லட்சக்கணக்கான புள்ளிகளை நொடிப்பொழுதில் வைத்துவிடும்.

ஒரு புள்ளி என்பது ஒரு முகவரி

பலரும் தாண்டிப் போய்விடும் இடம் இது. இங்கே கொஞ்சம் நின்றுவிட்டால் மீதி தானாகப் புரியும்.

எங்கே நின்றிருந்தாலும் சரி, ஜி மூலையை நோக்கிப் பாதித் தூரம் நகர்ந்தால் நீங்கள் வந்து விழுவது மேல் வலது கால்பகுதிக்குள்தான். வேறு எங்கும் விழ முடியாது. ஆகவே ஒரு புள்ளி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்று பார்த்தாலே கடைசியாகப் படித்த எழுத்து எது என்று சொல்லிவிடலாம். அந்தக் கால்பகுதியை மீண்டும் நான்காகப் பிரியுங்கள். புள்ளி அதில் எந்தக் குட்டிச் சதுரத்தில் இருக்கிறதோ, அது அதற்கு முந்தைய எழுத்தைச் சொல்லும். மறுபடி நான்காகப் பிரித்தால் அதற்கும் முந்தைய எழுத்து.

தபால் முகவரியைப் பின்னாலிருந்து படிப்பது போல: முதலில் நாடு, பிறகு ஊர், பிறகு தெரு, கடைசியில் கதவு எண். கட்டத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க, புள்ளி கடந்துவந்த பாதை இன்னும் பின்னோக்கித் தெரிகிறது. இரண்டெழுத்துச் சொல் ஒவ்வொன்றுக்கும் சதுரத்தில் சொந்தமாக ஒரு கட்டம். அப்படி 16 கட்டங்கள். மூன்றெழுத்துச் சொல்லுக்கு 64. ஆறெழுத்துச் சொல்லுக்கு 4,096, அதாவது 64-க்கு 64 கட்டமுள்ள பலகை. ஒரு கட்டத்தில் எத்தனை புள்ளி விழுந்திருக்கிறது என்று எண்ணினால், அந்தச் சொல் டி.என்.ஏ.வில் எத்தனை முறை வருகிறது என்பது கிடைத்துவிடும்.

ஆகவே இந்தப் படம், எல்லா நீளச் சொற்களின் எண்ணிக்கையையும் ஒரே சதுரத்தில் அடுக்கி வைத்த அட்டவணை. கட்டம் கருமையாக இருந்தால் அடிக்கடி வரும் சொல். வெளுத்திருந்தால் அரிய சொல். அழகு தற்செயலாக வந்து சேர்ந்தது.

எழுத்து ஒன்று காணாமல் போனால்

நான்கு எழுத்துகளையும் பகடை உருட்டியது போல எந்த ஒழுங்கும் இல்லாமல் கொடுத்தால் என்ன படம் வரும்? எல்லாக் கட்டமும் ஏறத்தாழ ஒரே அளவில் நிரம்பும். சீரான சாம்பல் நிறச் சதுரம். பார்க்க ஒன்றும் இருக்காது.

இப்போது டி என்ற எழுத்தை முழுக்கத் தடை செய்துவிட்டு மற்ற மூன்றை மட்டும் பகடையில் உருட்டுங்கள். கீழ் வலது கால்பகுதியில் ஒரு புள்ளிகூட விழாது. அதோடு முடியவில்லை. டி என்ற எழுத்து முந்தைய இடத்திலும் இருக்க முடியாதல்லவா? அதனால் மற்ற ஒவ்வொரு கால்பகுதிக்குள்ளும் கீழ் வலது குட்டிச் சதுரம் காலி. அவற்றுக்குள்ளும் அப்படியே. முடிவில் நிற்பது நாம் முன்பு பார்த்த சியர்பின்ஸ்கி முக்கோணம், ஒரு பக்கம் சாய்ந்த உருவில். யாரும் முக்கோணம் வரையவில்லை. ஒரு எழுத்தைத் தடுத்தோம். அந்தத் தடை எல்லா அளவிலும் எதிரொலித்தது.

எழுத்துகள் நான்கும் இருக்கட்டும். 'சி'-க்குப் பின் 'ஜி' வரக்கூடாது என்ற ஒரே ஒரு விதி மட்டும் இருக்கட்டும். மேல் வலது கால்பகுதியின் மேல் இடது மூலையில் ஓர் ஓட்டை விழும். பிறகு அந்த ஓட்டையின் பாதி அளவு நகல் ஒவ்வொரு கால்பகுதியிலும், கால் அளவு நகல் அதற்குள்ளும். கணக்குப் போட்டால் இந்தப் பொத்தல் சதுரத்தின் பரிமாணம் சுமார் 1.90. 2-லிருந்து சற்றே இறங்கியிருக்கிறது. ஒரு எழுத்தையே இழந்த 1.585 அளவுக்கு இறங்கவில்லை. தடை எவ்வளவு கடுமையோ, அவ்வளவு சரிவு.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய எண்ணமாக இருக்கக் கூடாது. பள்ளி இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்று ஒரு பகுதி படித்திருப்போம்: எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரலாம் என்ற பட்டியல். க், ச், த், ப் ஆகியவை தம்மோடு மட்டுமே சேரும்: பக்கம், பச்சை, பத்து, உப்பு. ர், ழ் இரண்டும் தம்மோடு சேரவே சேரா. தமிழ் நூல் ஒன்றை இதே முறையில் படமாக்கினால் இந்தத் தடைகள் ஓட்டைகளாகத் தெரியும். எந்த மொழி என்று படிக்காமலே கண்டுபிடித்துவிடலாம். 'பக்தி' என்ற சொல் மட்டும் அந்த ஓட்டைக்குள் ஒரு புள்ளியாக விழுந்து, தான் வெளியிலிருந்து வந்தவன் என்பதைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

இதுவரை வந்த தூரம்: விதி ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கட்டம் தருகிறது, சொல் அரிதானால் கட்டம் வெளுக்கிறது, சிறு சொல் அரிதானால் அதைத் தன்னுள் கொண்ட பெரிய சொற்களும் அரிதாவதால் அந்த வெளுப்பு குட்டி போடுகிறது. தன்னொப்புமை வருவது இப்படித்தான்.

மனித டி.என்.ஏ.வின் ஓட்டை

ஜெஃப்ரி மனித டி.என்.ஏ.வின் பகுதிகளை வரைந்தபோது எழுந்த உருவத்துக்கு 'இரட்டைக் கரண்டி' என்று பெயர் வைத்தார். ஐஸ்கிரீம் உருண்டை இரண்டை அடுக்கியது போன்ற தோற்றம். அந்த உருவத்தைச் செதுக்கியது நாம் இப்போது பார்த்த அதே 'சி-ஜி' ஓட்டைதான். ஓட்டை முழுக் காலியாக இல்லை, மங்கலாக இருந்தது.

அளவைச் சொல்கிறேன். மனித டி.என்.ஏ.வில் சி, ஜி இரண்டும் தலா 20 விழுக்காடு அளவில் உள்ளன. எழுத்துகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் வந்தால் 'சி-ஜி' ஜோடி சுமார் 4 விழுக்காடு இருக்க வேண்டும். உண்மையில் இருப்பது 1 விழுக்காட்டை ஒட்டி. மிச்சம் எங்கே போனது?

காரணம் வேதியியலில் இருக்கிறது. முதுகெலும்பிகளின் உயிரணுக்கள், ஜி-க்கு முன்னால் நிற்கும் சி-யின் மேல் மெத்தில் என்ற சிறு அணுக்கூட்டத்தை ஒட்டி வைக்கின்றன. மரபணுக்களை அடக்கி வைக்கும் முறைகளில் அது ஒன்று. சைட்டோசின் எப்போதாவது தானாகவே தன் அமைன் பகுதியை இழந்து சிதைவதுண்டு. மெத்தில் இல்லாத சைட்டோசின் சிதைந்தால் யுராசில் ஆகிறது. யுராசில் டி.என்.ஏ.வில் இருக்கக் கூடாத பொருள். பழுதுபார்க்கும் நொதிகள் உடனே பிடித்துவிடும். மெத்தில் ஒட்டிய சைட்டோசின் சிதைந்தாலோ தைமின் ஆகிறது. தைமின் முறையான எழுத்து. அச்சுப் பிழையாக 'கலை' என்பது 'மலை' ஆனால் பிழைதிருத்துபவரின் கண்ணுக்குத் தப்பிவிடும் அல்லவா, அது போல இந்த மாற்றம் பலமுறை தப்பிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக 'சி-ஜி' கரைந்து 'டி-ஜி' ஆகிறது. ஏணியின் இரு இழைகளில் ஏ-க்கு எதிரே டி-யும் சி-க்கு எதிரே ஜி-யும் நிற்கும், இழைகள் எதிரெதிர்த் திசையில் படிக்கப்படும்; அதனால் எதிர் இழையில் அதுவே 'சி-ஏ' ஆகத் தெரியும். படத்திலும் 'சி-ஜி' வெளுத்திருக்க, இந்த இரண்டு கட்டங்களும் சற்றுக் கருத்தே இருக்கின்றன.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் இந்த ஓட்டை இல்லை. அதன் 46 லட்சம் எழுத்துகளில் அரிதாக இருப்பது வேறு ஒரு சொல்: 'சி-டி-ஏ-ஜி'. நான்கெழுத்துச் சொல் என்பதால் ஓட்டையும் சிறியது. சதுரத்தின் 256-ல் ஒரு பங்கு.

ஓட்டையை வைத்து ஆளை அடையாளம் காண்பது

ஒவ்வொரு உயிரினத்துக்கும் தன் ஓட்டைகள் உண்டென்றால் அதைக் கையெழுத்தாகப் பயன்படுத்தலாமே? 1999-ல் பாட்ரிக் டெஷாவான் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒரே உயிரினத்தின் டி.என்.ஏ.விலிருந்து வேறுவேறு துண்டுகளை எடுத்து வரைந்தால், அந்தப் படங்களுக்குள் இருக்கும் வேறுபாடு, இரு உயிரினங்களின் படங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைவிடக் குறைவு என்று கண்டார்கள். புத்தகத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நடை ஒன்றாக இருப்பது போல.

இதில் எனக்குப் பிடித்த வசதி, நீளம் ஒரு தடையே இல்லை என்பது. கொரோனா வைரஸின் 29,903 எழுத்துகளையும் ஒரு பாக்டீரியாவின் 46 லட்சம் எழுத்துகளையும் எழுத்துக்கு எழுத்து அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. இரண்டையும் 64-க்கு 64 பலகையாக்கி, ஒவ்வொரு கட்டமும் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று எழுதிவிட்டால், ஒரே அளவுள்ள இரண்டு படங்கள் கிடைக்கும். படங்களை ஒப்பிடக் கணினிக்கு நன்றாகவே தெரியும். (கொரோனா வைரஸிடம் இருப்பது ஆர்.என்.ஏ.; அதில் தைமினுக்குப் பதில் யுராசில். தரவுத்தளங்களில் அதையும் டி என்றே எழுதுவது வழக்கம்.)

'பக்தி'யை நினைவில் வைக்கச் சொன்னேன். பாக்டீரியாக்கள் சில சமயம் வேறு இனத்திடமிருந்து மரபணுவை வாங்கிக்கொள்கின்றன. முழுத் தொகுதியின் நடையோடு ஒட்டாத துண்டு எங்காவது தென்பட்டால், அது இரவல் வந்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிப்பார்கள். சந்தேகம் மட்டும்தான், நெடுங்காலம் தங்கிவிட்ட இரவல், வந்த இடத்தின் நடைக்கு மாறிவிடும்.

கலைத்துப் போட்டு வரைந்து பார்

முதன்முதலில் இந்தப் படங்களைப் பார்த்தபோது நானும் மயங்கியவன்தான். இவ்வளவு நுணுக்கமான உருவம் வருகிறதென்றால் டி.என்.ஏ.வுக்குள் ஏதோ ஆழ்ந்த ஒழுங்கு இருக்க வேண்டும் என்று தோன்றும். அந்த மயக்கத்தைத் தெளிவித்தது 1993-ல் நிக் கோல்ட்மன் வெளியிட்ட கட்டுரை. தனி எழுத்து, இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களின் எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் போதும், படத்தில் கண்ட உருவங்களை விளக்கிவிடலாம் என்று அவர் காட்டினார்.

சோதனையை யாரும் செய்யலாம். உண்மையான சரத்தைக் கலைத்துப் போடுங்கள். ஆனால் எந்த ஜோடி எத்தனை முறை வருகிறது என்பதை மட்டும் மாற்றாமல் காப்பாற்றுங்கள். பிறகு வரையுங்கள். மனித டி.என்.ஏ.வின் இரட்டைக் கரண்டி மீண்டும் எழும். கலைத்த சரத்தில் மரபணு ஏதும் இல்லை, பொருளும் இல்லை, கரண்டி இருக்கிறது! ஆகவே ஃபிராக்டல் தோற்றம் 'பாதித் தூரம் போ' என்ற விதியின் கொடை. டி.என்.ஏ. தருவது எந்தக் கட்டம் வெளுக்கிறது என்ற செய்தி. இதைத் தெரிந்துகொண்டதால் படத்தின் மதிப்பு குறைந்ததாக நான் நினைக்கவில்லை. எதை அளக்கிறோம் என்று தெரிந்த கருவிதான் பயன்படும் கருவி.

சரத்தின் மேல் ஒரு நடை

எழுத்து வரிசையிலேயே ஃபிராக்டல் குணம் உண்டா என்பது தனிக் கேள்வி. அதற்குப் படம் உதவாது. நடந்து பார்க்க வேண்டும். சரத்தைப் படித்துக்கொண்டே போகும்போது சி அல்லது டி வந்தால் ஒரு படி மேலே, ஏ அல்லது ஜி வந்தால் ஒரு படி கீழே. இதற்கு டி.என்.ஏ. நடை என்று பெயர்.

நாணயத்தைச் சுண்டி இப்படி நடந்தால், 100 சுண்டலில் புறப்பட்ட இடத்திலிருந்து சராசரியாக 10 படி அளவில் விலகியிருப்போம். 10,000 சுண்டலில் 100 படி. எண்ணிக்கையின் வர்க்கமூலம், அதாவது 0.5 என்ற அடுக்கு. தூரத்து எழுத்துகள் ஒன்றையொன்று 'நினைவில்' வைத்திருந்தால் அடுக்கு 0.5-க்கு மேல் ஏறும். 0.6 என்றாலே 10,000 எழுத்தில் சுமார் 250 படி விலகல்.

1992-ல் சி. கே. பெங், யூஜின் ஸ்டான்லி உள்ளிட்ட குழு, புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைவெளிப் பகுதிகளைக் கொண்ட மரபணுக்களில் இந்த அடுக்கு 0.5-ஐத் தாண்டுகிறது என்று அறிவித்தது. பெரிய வாக்குவாதம் எழுந்தது. 1993-ல் சாமுவேல் கார்லினும் ஃபோல்கர் பிரெண்டலும் எதிர்வாதம் வைத்தார்கள்: டி.என்.ஏ. ஒட்டுத்துணி போன்றது; சில திட்டுகளில் ஒருவகை எழுத்து அதிகம், சில திட்டுகளில் மற்றொரு வகை; நீண்ட நினைவு என்று தோன்றுவது இந்தத் திட்டுகளின் விளைவாக இருக்கலாம். பெங் குழு 1994-ல், திட்டுகளின் சாய்வைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்கும் புதிய முறையோடு வந்தது. அந்த முறை பின்னாளில் இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தை ஆராயவும் பயன்பட்டது. விவாதத்தைவிட அதில் பிறந்த கருவி நீண்டகாலம் வாழ்கிறது.

மடிப்பு வேறு கதை

ஒரு மனித உயிரணுவின் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அது அடங்கியிருக்கும் கரு, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அகலம். முடிச்சு விழாமல் எப்படி மடிகிறது? 2009-ல் எரெஸ் லீபர்மன்-எய்டன் குழு, சரத்தின் எந்தப் பகுதி எந்தப் பகுதியைத் தொடுகிறது என்று அளந்து, சில லட்சம் முதல் சில பத்து லட்சம் எழுத்துகள் வரையான தூரத்தில், 'ஃபிராக்டல் உருண்டை' என்ற முடிச்சற்ற மடிப்போடு அளவுகள் பொருந்துவதாகச் சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகள், நூல் வளைந்து உருவாகும் கண்ணிகளையும், தமக்குள்ளேயே அதிகம் தொட்டுக்கொள்ளும் தனித்தனிப் பேட்டைகளையும் கண்டு அந்தச் சித்திரத்தைத் திருத்தின. இது நூல் மடிந்திருக்கும் விதம் பற்றியது. ஜெஃப்ரியின் சதுரத்துக்கும் இதற்கும் பொதுவாக இருப்பது ஒரு சொல் மட்டுமே.

தங்க விகிதம் விடுபட்டுப் போனது என்று நினைப்பவர்களுக்கு: 'சி'-க்குப் பின் 'ஜி' கூடாது என்ற கணக்கில், சொல்லின் நீளம் ஓரெழுத்து கூடும்போது அனுமதிக்கப்பட்ட சொற்களின் எண்ணிக்கை சுமார் 3.732 மடங்கு பெருகுகிறது. தங்க விகிதமான 1.618 வேண்டுமென்றால், இரண்டே எழுத்துகள் கொண்ட, அதில் ஒன்று அடுத்தடுத்து இருமுறை வரக்கூடாத ஒரு மொழி தேவை. டி.என்.ஏ.வில் எழுத்து நான்கு.